பதினெட்டு கிராம்

தராசு எந்த இடத்தில் பொய் சொல்லும் என்று
இருபத்திரண்டு வருடமாய்ப் பார்த்துவருகிறேன்.
கீழமாசி வீதியில் வத்தல் மண்டி,
தெற்காவணி மூல வீதியில் நகைக்கடை,
வில்லாபுரத்தில் பேர்ப்பலகை இல்லாத பழைய இரும்புக்கடை.
அடியில் ஈயம் சுரண்டிய கல்லைக்
கையில் வாங்கியதுமே சொல்லிவிடுவேன்.

என் எடை தொண்ணூற்று மூன்று.
இதை நானாகச் சொல்லவில்லை,
கே.கே. நகர் டாக்டரம்மா சொன்னார்.
சொல்லிவிட்டுப் பேனாவை மூடினார்.

அன்றிலிருந்து மங்கையர்க்கரசி
சோற்றை நிறுத்துத்தான் போடுகிறாள்.
நூற்றிருபது கிராம். வெண்டைக்காய் வேண்டுமட்டும்.
பிழை வரம்பு என்று ஒன்று
சட்டத்திலேயே இருக்கிறதே என்றேன்.
அது உங்க மண்டிக்காரங்களுக்கு என்றாள்.

பகலை ஓட்டிவிடலாம்.
ராத்திரி ஒன்பதுக்கு மேல் இந்த ஊரில்
காற்றையே சால்னாவில் முக்கித்தான் அனுப்புகிறார்கள்.
ஜன்னலைச் சாத்தினால்
கொத்துப் பரோட்டாச் சத்தம் பாதி அடங்கும்.
மணத்துக்கு ஏது தாழ்ப்பாள்?
மாடிவீட்டு லோகமணி மகன்
பார்சலோடு படியேறுகிறான்.
எத்தனை பொட்டலம் என்று காலடியிலேயே தெரிகிறது.
வெந்நீர் குடித்துவிட்டுப் படுக்கிறேன்.
கனவில் கறிதோசை வேகிறது,
திருப்பிப் போடும் நேரத்தில் விழிப்பு வந்துவிடுகிறது.

போன வியாழன்
விளக்குத்தூண் பக்கம் ஒரு மிட்டாய்க்கடை.
வாடிக்கையாளன் மாதிரி நின்று
கால் கிலோ அல்வா கேட்டேன்.
வேலைதான். சோதனைக் கொள்முதல் என்று பெயர்.
கடைக்காரர் வழித்துப் போட்டு, நிறுத்து, கட்டினார்.
பிறகு வாழையிலைக் கிழிசலில் ஒரு துண்டு:
'சூடா இருக்கு, வாயில போடுங்க.'
கொசுறு.
மணிக்கட்டு வரை நெய் வழிந்தது. போட்டேன்.
அதன்பிறகுதான் அடையாள அட்டையை நீட்டினேன்.
என் பெட்டித் தராசில்
இருநூற்று முப்பத்திரண்டு காட்டியது.
பதினெட்டு கிராம் குறைவு.

அவர் பதறவில்லை.
'அந்தத் துண்டையும் சேத்து நிறுங்க சார்,
சரியா வரும்.'

சேர்த்து நிறுக்க அது எங்கே இருக்கிறது?
தொண்டையைத் தாண்டித்
தொண்ணூற்று மூன்றோடு சேர்ந்துவிட்டது.
எடுத்ததையே கொசுறாகக் கொடுத்துக்
கும்பிடு வாங்குகிற வித்தையா,
இல்லை, மனுஷன் நிஜமாகவே நியாயஸ்தனா?
இருந்த ஒரே சாட்சியை
நான் ஜீரணித்துக்கொண்டிருந்தேன்.
இருந்தாலும் வழக்கு வழக்குதான். மகஜர் எழுதினேன்.

சீல் வைக்கிற அரக்கு ஆபீஸில் இருந்தது.
பீர்முகமது வண்டியை எடுத்தார்,
பொட்டலத்தை மடியில் வைத்து நான் பின்னால்.
நோன்பு மாதம். விடியுமுன்னே இருந்து
ஒரு வாய்த் தண்ணீர் பார்க்காத முதுகு அது,
சட்டை ஒட்டியிருந்தது.

சிம்மக்கல் சிக்னலில்
நூல் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் தொட்டேன்.
அவிழ்ந்தது.
ஒரு விரல், ஓரத்தைச் சமப்படுத்த.
யானைக்கல் பாலத்தில் நெரிசல்.
வைகையைப் பார்த்தபடி இன்னொரு விரல்,
சமப்படுத்தியதைச் சமப்படுத்த.
முந்திரி தனிக் கணக்கு.
இலையில் ஒட்டியது எடையில் சேராது.
கோரிப்பாளையம் வந்தபோது
மடியில் இலையும் நூலும்
மகஜரின் மூன்று பிரதிகளும்.

பாங்கு ஒலித்தது.
பீர்முகமது வண்டியை ஓரங்கட்டி
சட்டைப்பையிலிருந்து ஒரு காகித மடிப்பைப் பிரித்தார்.
மூன்று பேரீச்சம்பழம்.
முதலில் என் பக்கம்தான் நீட்டினார்.

'வேண்டாம் பாய், நான் டயட்டு.'

அவர் சிரிக்கவில்லை.
ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடி
மெதுவாக மென்று முடித்தார். தண்ணீர் குடித்தார்.
பிறகு கைக்குட்டையை எடுத்துக் கொடுத்தார்,
தன் மோவாயைத் தொட்டுக் காட்டி.